வலது கண்ணில் ஒரு பச்சைப் பொட்டு

சுகுமாறனைக் கெட்டவன் என்று மலேசியாவின் லிங்கிப் பக்கம் ஒருவரும் சொல்ல மாட்டார்கள், அவனைத் தவிர. ஆறு வருஷமாக எஸ்டேட்டில் ஆட்களை மேய்க்கிற மண்டோர் வேலை பார்க்கிறான். மண்டோர் என்றாலே நாலு பேர் முதுகுக்குப் பின்னால் திட்டத்தான் செய்வார்கள். இவனைத் திட்டுகிறவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே திட்டுவார்கள். வாய் ஓயாத ஆள். யாரையாவது சீண்டாவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது. அந்தச் சீண்டல்தான் கடைசியில் அவன் தலையில் வந்து விடிந்தது.

அவனுடைய டிவிஷனில் செம்பனை மரங்கள் எல்லாம் கிழடு. நாற்பது அடிக்குக் குறைந்து ஒன்றும் கிடையாது. மரத்தடியில் நாலு பழம் உதிர்ந்து கிடந்தால் மேலே ஏதோ ஒரு குலை பழுத்துவிட்டது என்று அர்த்தம். எந்தக் குலை என்பதுதான் வழக்கே. மண்டோர் கீழே நின்று, "அந்தா, மட்டைக்குப் பின்னால, அது" என்பான். நீளக் கம்பத்தின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு நிற்பவன், "எது? இதுவா?" என்பான். "இல்லலா, அதுக்குப் பக்கத்துல" என்பதற்குள் பக்கத்துக் காய் வெட்டுப்பட்டுத் தொப்பென்று விழும். சாயங்காலம் கணக்கெழுதும் கிராணி அந்தப் பச்சைக் காயைக் காலால் உருட்டிக் காட்டி மண்டோரை நாறடிப்பார். இந்தக் கூத்து தினமும் நடந்தது.

அப்புறம் ஒரு நாள் லுக்குட் பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு பேனாவைப் பார்த்தான். பொத்தானை அழுத்தினால் பச்சை வெளிச்சம் ஊசிபோல் பாய்ந்தது. கடைக்காரன் அதைச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த தண்ணீர்த் தொட்டிமேல் அடித்துக் காட்டினான். அங்கே பச்சையாக ஒரு புள்ளி அசையாமல் நின்றது. பேனாவில் ஒட்டியிருந்த சீட்டில் வெளிச்சத்தின் பலம் இவ்வளவு என்று சின்னதாக ஓர் எண் போட்டிருந்தது. அந்த எண்ணுக்கும் உள்ளே இருந்த சரக்குக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அப்போது யாருக்குத் தெரியும்? சுகுமாறன் வாயைப் பிளந்துகொண்டு வாங்கி வந்துவிட்டான்.

மறுநாளிலிருந்து வேலை சுத்தமாக மாறிப்போனது. நிழல் கட்டிய மர உச்சியில் பச்சைப் புள்ளி போய் உட்காரும், அரிவாள் அதே இடத்துக்குப் போகும், வேலை முடிந்தது. தமிழ், இந்தோனேசியம், வங்காளம் என்று மூன்று பாஷை பேசுகிற ஆட்களுக்கு ஒரே பாஷை கிடைத்த மாதிரி ஆயிற்று. 'பச்சைப் பொட்டு' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "வெரி குட் லா, சுகு" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். சுகுமாறன் தரையில் நடக்கவில்லை.

அந்த ஆட்களில் தமிழராக மிஞ்சியிருந்தவர் ராயப்பன் ஒருவர்தான். ஐம்பத்திரண்டு வயது. இடது கண் சின்ன வயசிலிருந்தே மங்கல், வலது கண்ணை நம்பித்தான் வேலை. கம்பத்தைத் தூக்கி நிறுத்தினார் என்றால் ஒரே இழுப்பு, இரண்டாவது இழுப்புக்கு வேலையே இல்லை. சுகுமாறன் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இவன் வீட்டுத் தீபாவளிப் பலகாரம் அங்கே போகும், அங்கிருந்து கிறிஸ்துமஸ் கேக் இங்கே வரும். 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான். அவருடைய மனைவி ஃபிளோரா இவனுக்கு 'அண்ணி'.

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணித் தேத்தண்ணி நேரம். மற்ற ஆட்கள் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ராயப்பன் தள்ளுவண்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து அடி தூரத்தில் நின்ற சுகுமாறனுக்குக் கை சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, நெத்தி ஏன் வெறிச்சோடிக் கெடக்கு? பொட்டு வச்சு விடவா?"

"வைடா, வை. ஃபிளோரா பாத்தா வெளக்கமாத்தாலயே உனக்குப் பூச பண்ணுவா."

சுகுமாறன் பேனாவை அழுத்தினான். கிறிஸ்தவ நெற்றியில் பச்சைப் பொட்டு வந்து உட்கார்ந்தது. இவன் விழுந்து விழுந்து சிரித்தான். தன் நெற்றியைத் தான் பார்க்க முடியுமா? ராயப்பன், "எங்கடா, எனக்குத் தெரியலியே" என்று வெளிச்சம் வந்த திசையைப் பார்த்தார். சிரிப்பில் சுகுமாறனின் கை ஆடியது. பொட்டு நழுவி வலது கண்ணில் விழுந்தது. அவர் சட்டென்று இமையை மூடினார். மூடினவர் அப்படியே விட்டிருக்கலாம். மறுபடி திறந்தார்.

"அடேயப்பா! என்னா அழகுடா இது! இன்னொரு தரம் காட்டு."

காட்டினான். கேட்டால் காட்ட வேண்டியதுதானா? காட்டினான். அவர் குழந்தை மாதிரிக் கண்ணை அகல விரித்துப் பார்த்தார், இரண்டு மூன்று விநாடி இருக்கும். "போதும்டா, எங்க பாத்தாலும் பச்சையா மெதக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்ச ரொட்டியைச் சாப்பிட்டார். வலி இல்லை, எரிச்சல் இல்லை. இரண்டு பேரும் மறந்தே போனார்கள்.

நாலைந்து நாள் கழித்து, மரத்தடியில் இடது கண்ணை மூடிக் குறி பார்த்த ராயப்பன் கம்பத்தை இறக்கிவிட்டார். மட்டை தெரிந்தது, வானம் தெரிந்தது, நடுவில் குலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கண்ணைக் கசக்கிப் பார்த்தார். அப்படியேதான் இருந்தது. வீட்டில் ஃபிளோராவைப் பார்த்தால் காது இரண்டும் தெரிந்தன, மூக்கும் வாயும் இல்லை. கரண்டுக் கம்பம் நடுவில் வளைந்து தெரிந்தது. வயசுக் கோளாறு, சரியாகிவிடும் என்று மூன்று வாரம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. காய்களாக வெட்டிப் போட்டார். ஒரு நாள் வெட்டிய மட்டை அவர் தோளை உரசிக்கொண்டு விழுந்தபோதுதான் சுகுமாறன் பதறிப்போய், லீவு போட்டு, தன் பழைய காடியில் அவரை ஏற்றிக்கொண்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போனான். அதுவரை அவன் மனசில் கபடு இல்லை. அண்ணன் மேல் உள்ள பாசத்தில்தான் போனான்.

கண் டாக்டர் தமிழ்ப் பெண், பெயர் வனேசா. வெகு நேரம் பார்த்தாள். ராயப்பனுக்குச் சர்க்கரை நோய் எதுவும் இல்லை என்பதையும் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேசினாள்.

"அங்கிள், உங்க கண்ணுக்குள்ள நடுவுல ஒரு சின்ன எடம் வெந்துபோயிருக்கு. ஏதோ வெளிச்சம் சுட்டிருக்கு."

"வெளிச்சம் சுடுமா டாக்டர்?"

"வெளிச்சம்னா பாக்கறதுக்கு மட்டும் இல்ல அங்கிள். அதுக்குள்ள சக்தி இருக்கு. உங்க செம்பனை மரம் அந்தச் சக்திய எடுத்துக்கிட்டுத்தான் பழம் போடுது, அதுலதான் எண்ணெய் வருது. பரவலா விழுந்தா ஒண்ணும் பண்ணாது. அதையே ஒரு ஊசிமுனை எடத்துல குவிச்சா நெருப்பு மாதிரி. நம்ம கண்ணு முன்னாடி இருக்கற லென்ஸோட வேலையே குவிக்கறதுதான். வர்ற வெளிச்சம் பலமா இருந்தா, அது பாட்டுக்குக் குவிச்சு உள்ள சுட்டுடும். உள்ள வலி தெரியற நரம்பு கெடையாது. அதான் உங்களுக்குத் தெரியல."

'என்னா அழகுடா' என்ற குரல் சுகுமாறன் காதில் கேட்டது.

"வெல்டிங் பக்கம் நின்னீங்களா? சூரியனப் பாத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டாள்.

"சூரியனா? நாள் முச்சூடும் மேலயேதானே பாத்துக்கிட்டு நிக்கறேன்! கண்ணாடி குடுத்தாங்க. வேர்வையில மங்குதுன்னு நான்தான் கழட்டி வச்சிட்டேன். என் தப்புதான் டாக்டர்."

"மருந்து?" என்று கேட்டது சுகுமாறன்.

"இதுக்கு மருந்து இல்ல. கொஞ்சம் தானா தெளியலாம். முழுசாத் திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்."

நர்ஸ் வந்து இன்னொரு படம் எடுக்க ராயப்பனை அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சூரியன்னா சாதாரணமா ரெண்டு கண்ணுலயும் கொஞ்சமாவது இருக்கும். இவருக்கு ஒண்ணுலதான் இருக்கு, அதுவும் இவ்வளவு ஆழமா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டவள் சட்டென்று இவன் பக்கம் திரும்பினாள். "உங்க எஸ்டேட்டுல லேசர் லைட் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர்."

அவ்வளவுதான், இரண்டு வார்த்தை. பேனா கீழே காடியின் டேஷ்போர்டுக்குள் கிடந்தது. ஏன் அப்படிச் சொன்னான்? மண்டோர் வேலை போய்விடும், வேலையோடு வீடும் போய்விடும், மகள் ஷாமினி இந்த வருஷம்தான் பரீட்சை எழுதப் போகிறாள் என்று பிறகு பல காரணம் அடுக்கிப் பார்த்தான். அதெல்லாம் பிறகு வந்தது. அந்த நிமிஷத்தில் ராயப்பன் திரும்பி வந்து தன் முகத்தைப் பார்ப்பாரே என்ற பயம் மட்டும்தான் இருந்தது. டாக்டர் தலையாட்டிவிட்டுச் 'சூரியன்' என்று எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பின்கட்டுக்குப் போய், ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பையைச் சுவரில் தொங்கவிட்டுப் பேனாவை அதன் பக்கத்தில் வைத்து அழுத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் பை சுருங்கியது. மெல்லிசாகப் புகை எழும்பியது. ஓட்டை விழுந்தது. அவன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். ஐயோ, இதையா அந்த மனுஷன் கண்ணுக்குள் அடித்தேன் என்று தலையில் தலையில் அடித்துக்கொண்டான். அம்மிக்குழவியால் பேனாவை நசுக்கிக் குப்பையில் போட்டான். மறுநாள் ஆட்கள் அதைக் காணாமல் தேடி, "மானா பச்சைப் பொட்டு, மண்டோர்?" என்று கேட்டபோது, கெட்டுப்போச்சு என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒவ்வொன்றும் அவன் நெஞ்சில் ஏறி மிதித்தது. மண்டோர் என்ற முறையில் விபத்து அறிக்கையை அவன்தான் எழுத வேண்டும். 'தொழிலாளி பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லை' என்று மலாயில் எழுதினான். கையெழுத்தும் போட்டான். ராயப்பனை வெட்டு வேலையிலிருந்து எடுத்து உதிரிப் பழம் பொறுக்கப் போட்டார்கள். இருபத்தைந்து வருஷம் அண்ணாந்து நின்ற மனுஷன் இப்போது மரத்தடியில் குனிந்து, முள்ளுக்கும் புல்லுக்கும் நடுவில் சிவப்புப் பழத்தைத் தேடித் தேடிச் சாக்கில் போட்டார். அதிலும் பாதி கண்ணுக்குத் தப்பிவிடும்.

அது போதாதென்று மேனேஜர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். திங்கட்கிழமை காலைப் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, ராயப்பனை முன்னால் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்.

"தம்பிகளா, என்னப் பாருங்க. மங்குது, வேர்க்குதுன்னு கண்ணாடியக் கழட்டி எறிஞ்சேன். சூரியன் என் கண்ணப் புடுங்கிக்கிச்சு. என்ன மாதிரி மடையனா இருக்காதீங்க."

இந்தோனேசியப் பையன்களுக்குப் புரிய வேண்டுமென்று சுகுமாறன் பக்கத்தில் நின்று அதை மலாயில் சொன்னான். ஆமாம், அவன் வாயாலேயே சொன்னான். மடையன் என்ற வார்த்தை வந்தபோது மட்டும் முழுங்கிவிட்டான். ராயப்பன் விடவில்லை. "அதையும் சொல்லுடா" என்று இடித்தார். சொன்னான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிளோரா திட்டுவது தினமும் கேட்டது. "கண்ணாடி போட்டா கிரீடம் எறங்கிருமா? இப்ப பாரு, என் மூஞ்சிகூடத் தெரியாம ஒக்காந்திருக்கற!" திட்டி முடித்த கையோடு அவள் ஒரு கிண்ணத்தில் கோழிக்குழம்பை ஊற்றி எடுத்துக்கொண்டு இங்கே வருவாள். "தம்பி, நீங்க இல்லன்னா இந்த மனுசன் ஆஸ்பத்திரிக்கே போயிருக்க மாட்டாரு. சாமி உங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டாரு." அந்தக் குழம்பைச் சுகுமாறன் தொடவே இல்லை. "வயித்துக்கு ஆகல" என்று தட்டைத் தள்ளிவிட்டான். "டெய்லியும் என்ன ஆகல உங்களுக்கு?" என்று மனைவி ரோகினி கேட்டதற்கு அவளிடம் எரிந்து விழுந்தான். ஊர் வாயை எல்லாம் கிண்டிக்கொண்டிருந்தவன் ஊமையாகிப்போனான். சொல்லிவிடலாம் என்று நாலு தடவை அந்த வீட்டு வாசல் வரைக்கும் போனான். நாலு தடவையும் உப்பு கேட்க வந்தவன் மாதிரி எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரச் சனிக்கிழமை. ராயப்பனுக்கு இப்போது மோட்டர்சைக்கிள் ஓட்டப் பயம். "டேய், போர்ட்டிக்சன் கோயிலுக்குப் போவணும். பாவசங்கீர்த்தனம் பண்ணாம ஈஸ்டர் கும்பிட முடியாது. கொண்டுபோய் விடறியா?" என்று கேட்டார். எப்படி மாட்டேன் என்பது? கொண்டுபோனான். அவர் உள்ளே போக, இவன் வேலியோரம் காடிக்குள் உட்கார்ந்திருந்தான். அரை மணி நேரம் கழித்து ராயப்பன் வந்து முன்சீட்டில் ஏறினார். முகம் தெளிவாக இருந்தது. குளித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

"என்னண்ணே, அப்படி என்ன பெரிய பாவம் பண்ணிட்டீங்க?" என்றான். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டான்.

"வேற என்னடா. கடவுள் குடுத்த கண்ண சோம்பேறித்தனத்துல நானே கெடுத்துக்கிட்டேன்னு ஃபாதர்கிட்டச் சொன்னேன். கோயில்ல மெழுகுவத்திய ஏத்துனா சுடர் தெரிய மாட்டேங்குது, சுத்திலும்தான் தெரியுது. அத நெனச்சா அழுக வந்துருச்சு. பத்து தடவ அருள் நிறை மந்திரம் சொல்லி மன்னிப்புக் கேளுன்னாரு. நீ பேசாம ஓட்டு, நான் போற வழியிலயே சொல்லி முடிச்சிர்றேன்."

ஜெபமாலையைக் கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையும் நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தார். ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. வழியில் ஒரு சிக்னலில் நிற்கும்போது மூன்றாவது. நாலாவது முடிந்து ஐந்தாவதுக்கு அவர் மூச்சு இழுத்தபோது சுகுமாறன் காடியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டான்.

"அண்ணே, சொல்லாதீங்க. அது நீங்க பண்ணினது இல்ல. சூரியன் இல்லண்ணே. என் பச்சைப் பொட்டு. அன்னிக்குத் தேத்தண்ணி நேரத்துல உங்க கண்ணுல அடிச்சேனே, அதுதான். டாக்டர் என்கிட்டக் கேட்டாங்க. நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

சொல்லி முடித்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ராயப்பன் கதவைத் திறந்து இறங்கினார். சாலையோரமாக நடந்தார். பத்தடி போய் நின்றார். லாரிகள் அவரை உரசிக்கொண்டு போயின. வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார், எடுத்தார், மறுபடி மூடினார். சுகுமாறன் இறங்கிப் போக நினைத்தான், கதவைத் திறக்கவில்லை. அடித்துவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

வெகு நேரம் கழித்து அவர் திரும்பி வந்தார். முன்சீட்டில் ஏறவில்லை. பின்கதவைத் திறந்து பின்னால் உட்கார்ந்தார்.

"எத்தன மாசம்டா?"

"மூணுண்ணே."

"மூணு மாசம். பெரட்டுல நான் மடையன்னு சொன்னப்ப நீ பக்கத்துல நின்ன."

"ஆமாண்ணே."

"உள்ள நான் முட்டி போட்டு அழுவறப்ப நீ வெளிய காடியில ஒக்காந்திருந்த."

சுகுமாறன் கண்ணாடியில் பார்த்தான். அவர் இவனைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன சொல்லி முடிச்சேன்?"

"நாலு."

"மிச்சம் ஆறு. அத நீ சொல்லு."

"எனக்குத் தெரியாதேண்ணே."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். நான் சொல்றேன், பின்னாலயே சொல்லிக்கிட்டு வா. வீட்டுக்குப் போனதும் ஃபிளோராகிட்ட நீயே சொல்ற. திங்கக்கெழம பெரட்டுல நீயே சொல்ற. இப்ப காடிய எடு."

எடுத்தான். பின்சீட்டிலிருந்து ஒரு வரி வரும், இவன் திருப்பிச் சொல்வான். பழக்கமில்லாத வார்த்தைகள் பல்லில் இடறின. ஐந்தாவது முடிந்தது. ஆறாவதன் பாதியில் எஸ்டேட் வளைவு வந்தது. ஃபிளோரா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருப்பது தூரத்திலேயே தெரிந்தது. சுகுமாறன் கடைசி வரியை முழுங்கிவிட்டான்.

"அது கணக்குல சேராது," என்றார் ராயப்பன். "மொதல்லேருந்து சொல்லு."